நட்சத்திரத்தின் நாற்காலி

செத்துக் கிடந்த மேசை விசிறிக்கு மைத்துனன் அன்று காலை உயிர் கொடுத்திருந்தான். மோட்டாரைப் பிரித்து, தூசி தட்டி, உள்ளே ஏதோ ஒரு கம்பியைக் கழற்றி மாற்றிப் பூட்டி, மேசை நடுவில் வைத்து ஓடவிட்டான். மின்சாரம் குறைவாக இருந்ததால் அது சோம்பலாகச் சுழன்றது. காற்றுதான் வரவில்லை.

"இடப்பக்கமா சுத்துதுடா. தப்பு," என்றார் விசிறிக்கு முன்னால் வேர்த்துக் கொண்டிருந்த நிதானம்.

"வலப்பக்கமாத்தான் சுத்துது அத்தான். எனக்கு ஜிலுஜிலுன்னு இருக்கே!" என்றான் விசிறிக்குப் பின்னால் திருப்புளியோடு உட்கார்ந்திருந்த மைத்துனன். "உங்களுக்குத் தூக்கம் பத்தல."

தூக்கம் பத்தாதது உண்மைதான். நிதானம் என்பது ஊர் வைத்த பெயர். காப்பீட்டு நிறுவனங்களுக்காக எரிந்த கிடங்குகளையும் தொலைந்த நகைகளையும் விசாரித்தே தலை நரைத்தவர் அவர். பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடையை மூடிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். மனைவியின் தம்பிக்கோ இந்தத் தொழில் வெல்லக்கட்டி. படி ஏறும் செருப்புச் சத்தம் கேட்டாலே கொலை என்று முடிவு கட்டிவிடுவான்.

இப்போதும் கதவு தட்டப்பட்டது.

உள்ளே வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவுக்குத் தலைவி என்று சொல்லிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தவிதத்தைப் பார்த்தால் பல நாளாக எங்குமே நிம்மதியாக உட்காராதவர் போலிருந்தது.

"என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டார் நிதானம்.

"ரெண்டு முடிவு இருக்கு சார். தனித்தனியா பார்த்தா ரெண்டும் பளிச்சுனு இருக்கு. சேர்த்துப் பார்த்தா ஒண்ணுமே இல்லாமப் போயிடுது."

மைத்துனன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"எங்க செயற்கைக்கோள் ஒண்ணு மேல இருக்கு," என்று தொடங்கினார் தலைவி. "செத்துப்போன ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டிருக்கு. அதுலேர்ந்து எக்ஸ் கதிர் வருது. எவ்வளவு வருதுங்கறதை எல்லாரும் அளந்தாச்சு. அது எந்தப் பக்கமா அதிர்ந்துக்கிட்டு வருதுன்னு அளக்கறதுதான் எங்க வேலை. ஒரு கயித்தைக் கட்டி ஆட்டினா, மேலும் கீழுமா ஆட்டலாம், பக்கவாட்டுல ஆட்டலாம், சாய்வா ஆட்டலாம் இல்லையா? கதிரும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் கலந்து அதிர்ந்தா அதுல சேதி இல்ல. பெரும்பாலும் ஒரே பக்கமா அதிர்ந்தா அதுக்கு முனைவாக்கம்னு பேரு. அந்தக் கோணத்தை வச்சு, நட்சத்திரத்தைச் சுத்தி என்ன நடக்குதுன்னே சொல்லிடலாம்."

"அதை எப்படி அளக்கறீங்க?"

"கருவிக்கு நடுவுல ஒரு தகடு. கதிர் அதுல பட்டுச் சிதறும். அதிர்வுக்குக் குறுக்கா இருக்கற பக்கம் அதிகமா சிதறும். ஓரத்துல இருக்கற எண்ணிகள் அதை எண்ணும். செயற்கைக்கோள் பம்பரம் மாதிரி, ஆனா ரொம்ப மெதுவா, சுத்திக்கிட்டே பார்க்கும். ஒரு சுத்துக்குள்ள எண்ணிக்கை ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கினா முனைவாக்கம் இருக்குன்னு அர்த்தம். எந்த இடத்துல ஏறுதோ, அதுலேர்ந்து கோணம் கிடைக்கும்."

"சரி. வம்பு எங்க வந்துச்சு?"

தலைவி விவரம் சொன்னார். முதல் ஆறு மாதக் கணக்கைப் போட்டவர், கருவியைக் கட்டியவர். கூடத்தில் எல்லோரும் அவரைக் கருவிக்காரர் என்றே அழைப்பார்களாம். அடுத்த ஆறு மாதக் கணக்கைப் போட்டவள் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். இருவருக்கும் அழகான இரட்டை மேடு கிடைத்தது. ஆனால் அவருக்கு மேடு வந்த இடத்தில் அவளுக்குப் பள்ளம், அவருக்குப் பள்ளம் வந்த இடத்தில் அவளுக்கு மேடு. சேர்த்தால் தரைமட்டம்.

"நட்சத்திரமே மாறியிருந்தா?" என்றான் மைத்துனன்.

"மாறலாம். இவ்வளவு கச்சிதமா, அளவு பிசகாம மாறாது. அதனாலதான் கருவிக்காரர், 'என் கோட்டை எடுத்துக் கவுத்துப் போட்டுக் கணக்குக் காட்டியிருக்கா'ங்கறார். இன்னிக்கு மத்தியானம் விசாரணைக் குழு கூடுது. பொய்க் கணக்குன்னு முடிவானா அவளுக்கு இங்க மட்டுமில்ல, உலகத்துல எந்த ஆய்வுக்கூடத்துலயும் வேலை கிடைக்காது."

"அந்தப் பொண்ணுக்காகவா நீங்களே படியேறி வந்தீங்க?"

தலைவி விசிறியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவ என் கூடப்பிறந்த தங்கச்சி சார். நான் எது சொன்னாலும் தங்கச்சிக்காகச் சொல்றேன்பாங்க. எனக்கு உண்மை தெரியணும். அவ செஞ்சிருந்தா, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்."

அந்தக் கடைசி வாக்கியம் நிதானத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டார்.

போகும் வழியெல்லாம் மைத்துனன் வெளிநாட்டு உளவாளிகளைப் பற்றியே பேசினான். நிதானம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

ஆய்வுக்கூடத்தில் அந்தக் குழுவின் அறை நீளமானது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. நடுவில் பெரிய மேசை. அதன் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், இரண்டு கணினிகள். வெயில் பட்டுப் பட்டு மேசையின் பலகை வெளுத்திருந்தது. சரியாக நடுவில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாக, பழைய நிறம் மாறாமல் இருந்தது.

ஒரு நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்து, அழக்கூடத் தெம்பில்லாத முகம். காலடியில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் அவளுடைய தண்ணீர்ப் புட்டி, சால்வை, ஒரு சின்னச் செடி. நாற்காலி உயரமாக இருந்ததால் அவள் பாதங்கள் தரையைத் தொடவில்லை. பேசும்போது கட்டைவிரல் தரையைத் துழாவிக் கொண்டேயிருந்தது.

"நாற்காலி உயரமா இருக்கே?" என்றார் நிதானம்.

"இந்த வாரம் வந்து பார்த்தா இப்படி இருந்துச்சு. யார் ஏத்தினாங்களோ தெரியல. கிளம்பப் போறவளுக்கு இறக்கி என்ன ஆகணும்னு விட்டுட்டேன்."

"கணக்கு நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான் சார். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். ஆனா இப்ப எல்லாரும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு, தூக்கக் கலக்கத்துல நானே ஏதாவது பண்ணித் தொலைச்சிருப்பேனோன்னு தோணுது." அவள் சிரிக்க முயன்றாள். "உண்மையைச் சொல்லச் சொல்ல அதுவே பொய் மாதிரி ஆயிடுது."

பொய் சொல்பவர்கள் தங்கள்மேல் சந்தேகப்பட்டு நிதானம் பார்த்ததே இல்லை.

தலைவி அலமாரியைக் காட்டினார். சுவரோரம், மேல் தட்டில், வட்ட அடிப்பலகையின் மேல் செயற்கைக்கோளின் மர மாதிரி ஒன்று இருந்தது. கருவியின் வாய் அறையைப் பார்த்தபடி, முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம், அதில் ஓர் அம்புமுனை.

"முதல்ல எனக்கும் சுழற்சியிலதான் சந்தேகம் வந்துச்சு," என்றார் தலைவி. "எந்தப் பக்கமா சுத்துதுன்னு கணினிக்கு ஒரு இடத்துல கையால சொல்லணும். கூடத்துல எல்லாரும் அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் சொல்வோம். திங்கட்கிழமை ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டு பேருமே அந்த அம்புக்குறியைத்தான் கை காட்டினாங்க. அதனால அது இல்லன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் கருவிக்காரர் உள்ளே வந்தார். நிலைப்படியில் தலை குனிந்து நுழையும் உயரம். கண் சிவந்து, இரண்டு நாள் தாடியோடு இருந்தார். வந்தவர்களுக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பேச எனக்கு ஒண்ணுமில்ல. கோடுங்களே பேசும்," என்றவர், கேட்காமலேயே கீழ்த்தளத்துச் சோதனைக் கூடத்தைக் காட்ட அழைத்துப் போனார். அங்கே ஒரு நீண்ட உருளைத் தொட்டி. ஒரு முனையில் கருவியின் நகல், மறுமுனையில் எக்ஸ் கதிர்க் குழாய். குழாய்ப் பக்கம் தரை தேய்ந்திருந்தது.

"இந்தக் குழாய் பக்கத்துல நின்னுதான் கருவியைப் பழக்கினேன். என் பசங்க வளர்ந்ததைக்கூட நான் பார்க்கல, இதோட வாயைப் பார்த்துக்கிட்டுதான் நின்னேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

மேலே வரும் படிகளில் மைத்துனன் நிதானத்தின் காதருகே வந்தான். "ஆளு முகத்தைப் பார்த்தா பாவமா இருக்கு அத்தான். அந்தப் பொண்ணுதான். பெட்டியெல்லாம் கட்டி ரெடியா வச்சிருக்கா பாருங்க."

"திருடன் அவசரமா கட்டற பெட்டியில செடியை வைக்க மாட்டான்டா," என்றார் நிதானம்.

அறைக்குள் வந்து தங்கையிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். மர மாதிரி எப்போதும் அலமாரியில்தான் இருக்குமா? அறைச் சாவி யார் யாரிடம் இருக்கிறது?

"மேசை நடுவுலதான் சார் இருக்கும். போன வாரம் நான் கிளம்பும்போதுகூட அங்கதான் இருந்துச்சு. திங்கட்கிழமை அலமாரிக்குப் போயிடுச்சு. சாவி எங்க மூணு பேர்கிட்ட மட்டும்தான்."

"வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்?"

"சாரோட நாற்காலிப் பக்கம். எனக்கு அதோட முதுகுதான் தெரியும்."

நிதானம் அந்தப் பெரிய மேசையை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். விடை பிடிபட்டுவிட்டால் அவருக்கு எப்போதும் மகிழ்ச்சி வருவதில்லை, அசதிதான் வரும். இனி ஒருவர் தலை எல்லோர் முன்னாலும் குனியப்போகிறது.

"எல்லாரும் உக்காருங்க. விசாரணைக் குழு கூடறதுக்கு முன்னாடி இதைப் பேசி முடிச்சிடலாம்."

தலைவி கதவைச் சாத்தினார். கருவிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். நிதானம் வெள்ளைப் பலகைக்கான பேனாவை எடுத்துக் கண்ணாடித் தடுப்பில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

"எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

"வலப்பக்கம்," என்றான் மைத்துனன்.

"வெளிய போய் அந்தப் பக்கத்துலேர்ந்து பாரு."

மைத்துனன் ஓடினான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவன் குரல் மங்கலாக வந்தது. "இங்கேர்ந்து இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு அத்தான்!"

"கோடு ஒண்ணுதான். நிக்கற இடம் வேற. காலையில எங்க வீட்டு விசிறி வலப்பக்கமா சுத்துதுன்னு அவனும், இடப்பக்கமா சுத்துதுன்னு நானும் சண்டை போட்டோம். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். காத்தெல்லாம் அவன் பக்கம் போயிக்கிட்டிருந்துச்சு. நான் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்க்காம, உக்காந்த இடத்துலயே வேர்த்துக்கிட்டு அவனைத் திட்டினேன்."

தலைவியின் முகம் மெல்ல மாறியது. அவர் அலமாரியைப் பார்த்தார், மேசை நடுவிலிருந்த வட்டத்தைப் பார்த்தார், பிறகு எதிரெதிரான இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டாங்க. யாரும் பொய் சொல்லல. ஆனா ஒருத்தர் முன்னாடியிருந்து பார்த்தார், ஒருத்தர் பின்னாடியிருந்து பார்த்தாங்க. ஒருத்தருக்கு வலப்பக்கம் சுத்தினது இன்னொருத்தருக்கு இடப்பக்கம். திசை திரும்பினா கோணமும் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பிடும். அந்த நட்சத்திரத்தோட அதிர்வு நேரா நின்னிருந்தாலோ படுத்திருந்தாலோ, திருப்பிப் பார்த்தாலும் ஒண்ணாத்தான் இருக்கும். உங்க வாழ்நாள்ல இது தெரிஞ்சிருக்காது. உங்க கெட்ட நேரம், அது சரிபாதிச் சாய்வா இருக்கு. திருப்பினா ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்க வந்துடும். மேட்டுல பள்ளம், பள்ளத்துல மேடு."

"நாற்பத்தஞ்சு டிகிரி," என்று முணுமுணுத்தார் தலைவி. "கடவுளே! அப்ப எது சரி?"

"அதை நீங்கதான் சொல்லணும். வானத்தைப் பார்க்கறவன் தொலைநோக்கிக்கு எந்தப் பக்கம் நிப்பான்?"

"பின்னாடி," என்றாள் தங்கை. நாற்காலியின் கைப்பிடியை அவள் இறுகப் பற்றியிருந்தாள். "முன்னாடி நட்சத்திரம்தான் இருக்கும்."

"ஆமா. கீழ சோதனைக் கூடத்துலயும் சார் குழாய் பக்கம்தான் நின்னார். அது நட்சத்திரம் நிக்க வேண்டிய இடம். மேல வந்தும் அதே பக்கத்து நாற்காலிதான். கருவியைக் கட்டினவர் அதோட முகத்தைப் பார்த்தே பழகிட்டார். இது தொழில்ல வர்ற தப்பு. மன்னிக்கக்கூடிய தப்பு."

நிதானம் இங்கே நிறுத்தினார். மேலே பேச அவருக்கு மனமில்லை. ஆனால் அட்டைப் பெட்டிக்குள் செடி வாடிக்கொண்டிருந்தது.

"ஆனா அந்த மர மாதிரி ஏன் அலமாரிக்குப் போச்சு? முதுகைச் சுவத்தோட ஒட்டி வச்சா, இனி யாருமே அதைப் பின்னாடியிருந்து பார்க்க முடியாது. திங்கட்கிழமை இந்தப் பொண்ணு சோர்வுல 'அந்த அம்புக்குறி'ன்னு கை காட்டினா, அவ்வளவுதான். அம்மா, உங்களுக்கு இது தெரிஞ்சிருந்தா தங்கச்சியை அன்னிக்கே காப்பாத்தியிருப்பீங்க. தங்கச்சிக்குத் தெரிஞ்சிருந்தா ஊரைக் கூட்டியிருப்பாங்க. சாவி இருக்கற மூணாவது ஆளு ஒருத்தர்தான்." அவர் நாற்காலியைப் பார்த்தார். "வாரக் கடைசியில யாரோ இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. கால் மடங்காம உக்கார நாற்காலியை உயர்த்தியிருக்காங்க. எழுந்து போகும்போது இறக்கி வைக்க மறந்துட்டாங்க. இந்த அறையில அவ்வளவு உயரம் யாருன்னு நான் சொல்ல வேண்டாம்."

கருவிக்காரர் தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"குத்தம் சொன்னப்ப நான் உண்மையாவே அவ பொய்க் கணக்குப் போட்டான்னுதான் நம்பினேன்," என்றார். "எங்க தப்புப் பண்ணியிருக்கான்னு பிடிக்கத்தான் அவ இடத்துல வந்து உக்காந்தேன். உக்காந்து நிமிர்ந்து பார்த்தேன். அம்புக்குறி திரும்பி நின்னுச்சு. இருபது வருஷ உழைப்பு. அந்தக் கோணத்தை உலகத்து முன்னாடி மேடையேறிச் சொல்லிட்டேன். சின்னப் பிள்ளைகூடப் பண்ணாத தப்புன்னு சிரிப்பாங்களேன்னு..." அவர் தங்கையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "அன்னிலேர்ந்து நான் தூங்கலம்மா."

"நானும்தான் சார்," என்றாள் அவள். கோபம்கூட அவள் குரலில் களைத்துப் போயிருந்தது.

தலைவி எழுந்து கணினியில் முதல் பாதியின் சுழற்சியை மட்டும் திருப்பிவிட்டார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மேட்டின் மேல் மேடும், பள்ளத்தில் பள்ளமும் வந்து படிந்தன. தனித்தனியாக இருந்தபோது இருந்த நடுக்கம்கூடக் குறைந்து, கோடு திருத்தமாக எழுந்து நின்றது. ஒரு வருட உழைப்பு வீணாகவில்லை. கருவி பிழையில்லாமல் வேலை செய்திருந்தது. அதைப் பார்த்துக் கருவிக்காரர் அழுதார். அது மகிழ்ச்சியா அவமானமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"விசாரணைக் குழுகிட்ட நானே சொல்லிடறேன்," என்று எழுந்தார். கதவைத் தாண்டும்போது தலை குனிய மறந்து நிலைப்படியில் இடித்துக்கொண்டு போனார். மைத்துனனுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

தலைவி தங்கையின் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் நீர். "எனக்குத் தெரியும்டி. நீ அப்படிச் செய்யற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியும்."

தங்கை பெட்டியிலிருந்து செடியை எடுத்து, மேசை நடுவில் வெளுக்காத அந்த வட்டத்தில் வைத்தாள். அதன் இலையில் இருந்த தூசியைத் துடைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"தெரிஞ்சிருந்தா இவரைத் தேடிப் போயிருக்க மாட்டியேக்கா."

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கருவிக்காரர் என்னைக் கெடுக்கணும்னுதான் வந்தார். இருந்தாலும் என் நாற்காலியில ஒரு தடவை உக்காந்து பார்த்தார். நீ அதைக்கூடச் செய்யலியே!"

நிதானம் மைத்துனனின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார். கண்ணாடித் தடுப்பில் அவர் இழுத்த கோடு அப்படியே இருந்தது. அதற்கு அப்பால் தங்கை எழுந்து ஒதுங்கி நிற்பதும், தலைவி மேசையைச் சுற்றி வந்து அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்காருவதும் தெரிந்தன. அவருக்கும் கால் எட்டவில்லை.